ஏழாவது வரி

கோக்-புலாக், தலாஸ்
12 மே 2004
(ஜோல்தோஷ் கையில்)

அன்புத் தம்பி எர்மெக்,

ஆளும் ஆடுமாடும் சுகமா? பிஷ்கெக்கில் நாலாவது மாடியில் இருப்பவனிடம் ஆடுமாட்டை விசாரிப்பது வேடிக்கைதான். ஆனால் கேட்காமல் கடிதம் தொடங்க எனக்குக் கை வரவில்லை. இங்கே எல்லோரும் சுகம். பசு ஈன்றுவிட்டது.

முதலில் என் காரியம். போன வருட பீன்ஸ் பயறு இன்னும் பொறுக்கி முடியவில்லை. பகல் முழுக்க மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு, சுருங்கியதையும் புள்ளி விழுந்ததையும் எடுக்கிறேன். பஜாரில் வாங்கிய மூன்றரை நம்பர் கண்ணாடியைப் போட்டால் மூக்கு பயறில் இடிக்கிறது. கழுத்து விட்டுப்போகிறது. நாலு நம்பராக வாங்கினால் சரியாகுமா?

அடுத்து பக்கத்து வீட்டு அசனாலி பெரியவர். குதிரை மேல் ஏறிவிட்டால் இப்போதும் வாலிபன்தான், ஆனால் எழுத்து கலைந்து தெரிகிறதாம். இருப்பதிலேயே பெரிய பூதக்கண்ணாடி ஒன்று கேட்கிறார்.

கடைசியாக நல்ல சேதி. உன் அத்தான் ஜோல்தோஷ், கணவாய்க்குக் கீழே கண்ணுக்கு நல்லது என்று சொல்கிற ஊற்றில், பிஷ்கெக்குக்கு ஆள் ஏற்றிப் போகும்போதும் வரும்போதும் வேனை நிறுத்தி முகம் கழுவிக்கொண்டிருந்தார். இப்போது கண்ணாடி இல்லாமல் செய்தித்தாள் படிக்கிறார். பழைய கண்ணாடியை ஊற்றோரத்து மரத்தில், மற்றவர்கள் கட்டிய துணிகளுக்கு நடுவே கட்டிவிட்டு வந்துவிட்டார். ஆடு வெட்டினோம், ஊரே வந்து சாப்பிட்டது. மாவு மூட்டை மேல் இருக்கும் எழுத்து, மாத்திரை அட்டை, எனக்கு வரும் கடிதம், எல்லாவற்றையும் வந்தவர் போனவருக்கெல்லாம் உரக்கப் படித்துக் காட்டுகிறார். இதையும் என் தோளுக்குப் பின்னால் நின்று படிக்கிறார். "எழுதுடி. கடையை மூடிட்டு ஊர் வந்து சேரச் சொல்லு உன் தம்பிய. இனிமே அவன் கண்ணாடிய எவன் வாங்கப் போறான்?" எழுதிவிட்டேன்.

பயறுத் தூசியோடு,
அக்கா ஜெய்னெப்


பிஷ்கெக்
21 மே
(அத்தான் கையில்)

அன்புள்ள அக்கா,

சுகம். ஆடுமாடு இல்லை. பால்கனியில் ஒரு புறா முட்டையிட்டிருக்கிறது, அதுவும் சுகம்.

நாலு நம்பர் வாங்காதீர்கள். நம்பர் கூடினால் கண்ணாடி உயர்ந்ததாகிவிடாது, பொருளைக் கண்ணுக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுவரச் சொல்லும், அவ்வளவுதான். மூன்றரை என்பது ஒரு சாணுக்குச் சற்று மேல் பார்க்கிற கண்ணாடி. ஊசியில் நூல் கோக்க அது ஆகும், மேசை வேலைக்கு ஆகாது. முதுகு நிமிர்ந்து, கைக்கு வசதியாக மேசை முன் உட்காருங்கள். கண்ணிலிருந்து பயறு வரைக்கும் ஒரு நூலைப் பிடித்து, வெட்டி, உறையில் வைத்து அனுப்புங்கள். அந்த நீளத்துக்குச் செய்து தருகிறேன்.

விவரம் கேட்காமல் அசனாலி பெரியவருக்கு எதையும் அனுப்ப முடியாது. பூதக்கண்ணாடியில் பெரியதெல்லாம் பலம் குறைந்தது. பலமானது சின்னதாக இருக்கும், ஒரு பார்வைக்கு இரண்டு மூன்று சொல்தான் அகப்படும். அவரிடம் கேட்டு எழுதுங்கள்: ஒரு கண்ணா, இரண்டுமா? எழுத்து மங்கலா, அல்லது நடுவில் காணாமல் போகிறதா? எதிரே நிற்பவர் முகம் தெரிகிறதா? கை நடுங்குமா? எவ்வளவு நேரம் படிப்பார், எந்த வெளிச்சத்தில்? டாக்டர் பார்த்தாரா?

அத்தான், அந்த ஊற்று எங்கே என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். நாம் இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்து பாட்டிலில் அடைத்து விற்கலாம்.

வணக்கத்தோடு,
எர்மெக்


கோக்-புலாக்
9 ஜூன்
(ஜோல்தோஷ் கையில்)

அன்புத் தம்பி,

அனைவரும் சுகம். உன் இருமல் நின்றதா?

நூல் உள்ளே இருக்கிறது. வெட்டும்போது அத்தான் கேலி: "கல்யாணக் கோட்டு தைக்கக்கூட இவ்வளவு அளவு எடுக்க மாட்டாங்களே."

பெரியவரிடம் உன் கேள்விகளை அத்தானே படித்துக் கேட்டார். இரண்டு கண்ணும்தான். இடது கண் ரொம்ப மோசம். எழுத்து நடுவில் காணாமல் போகிறதாம். என்னை நேரே பார்த்தால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் புகை, ஆனால் காலடியில் நின்ற கோழி தெரிகிறது, வேலிக்கு அப்பால் போகிற ஆள் தெரிகிறார். "உன் மூஞ்சி போச்சு மருமகளே, பூட்ஸு மட்டும் நல்லா தெரியுது" என்றார். அத்தான் விடுவாரா? "பெரியவரே, உங்களுக்குத்தான் அதிர்ஷ்டம், எனக்கு மூஞ்சியும் தெரியுதே" என்றார். கை நடுங்கும். தொழுகைக்குப் பிறகு ஜன்னலோரம் அரைப் பக்கம் படிப்பார். தலாஸ் டாக்டர், உள்ளே வடு விழுந்துவிட்டது, இனி செய்ய ஒன்றுமில்லை என்றாராம்.

அக்கா


பிஷ்கெக்
2 ஜூலை
(அத்தான் கையில்)

அன்புள்ள அக்கா,

இருமல் நின்றுவிட்டது. உங்கள் கண்ணாடி இரண்டு நம்பர். போட்டுக்கொண்டு நடக்காதீர்கள், வாசற்படி மங்கும். மேசையை விட்டு எழுந்தால் கழற்றிவிடுங்கள்.

பெரியவருக்குக் கையில் பிடிக்கிற கண்ணாடி வேண்டாம் என்று முடிவு செய்தேன். நடுங்கும் கையில் அது எழுத்தையும் சேர்த்து நடுங்க வைக்கும். அனுப்பியிருப்பது கால் வைத்தது, தாள் மேலேயே உட்காரும். உள்ளே பேட்டரி விளக்கு இருக்கிறது. தன் படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டே அதன் வழியாகப் பார்க்க வேண்டும். எழுத்தை நேராகப் பார்த்தால் புகைதான். எழுத்துக்குச் சற்று மேலே பார்க்கப் பழகட்டும், ஓரப் பார்வை அவருக்கு நன்றாகவே இருக்கிறது. கண்ணை ஓட்டாமல் தாளை நகர்த்தச் சொல்லுங்கள். முதல் வாரம் எரிச்சல் வரும். விட்டுவிட வேண்டாம்.

எர்மெக்


கோக்-புலாக்
11 செப்டம்பர்
(ஜோல்தோஷ் கையில்)

அன்புத் தம்பி,

சுகமா? இங்கே அறுவடை. கழுத்து வலி போய்விட்டது, நாள் முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்து பொறுக்குகிறேன். அசனாலி பெரியவர் முதல் வாரம் உன்னைத் திட்டினார். இப்போது முக்கால் பக்கம் படிக்கிறார். அந்தக் கண்ணாடிக்கு உறை தைத்து வைத்திருக்கிறார்.

உன் அத்தானுக்குத் தூரத்துக்கு ஒரு கண்ணாடி வேண்டுமாம். சாலைப் பலகையெல்லாம் வெளுத்துப்போச்சு, சர்க்கார் பெயிண்ட் அடிக்கிறதில்லை என்கிறார். படிக்கிற கண் பொன்னாக இருக்கிறது, அதைத் தொடக் கூடாதாம். அடுத்த வாரம் கடைக்கே வருவார்.

வேறு என்ன? இருட்டு இப்போது சீக்கிரம் வந்துவிடுகிறது.

அக்கா


பிஷ்கெக்
24 செப்டம்பர்
(அத்தான் கையில்)

அன்புள்ள அக்கா,

நலம். ஒரு பை தயிர் உருண்டையும் வறுத்த ரொட்டியும் வந்து சேர்ந்தன. கடையில் எல்லோருக்கும் கொடுத்தார் அத்தான். வரிசையில் நின்றவர்களுக்கு என் சின்ன வயது சங்கதிகளையும் கொடுத்தார்.

தூரக் கண்ணாடி போட்டாகிவிட்டது. மைனஸ் இரண்டே கால். அதோடு சுவர் அட்டையில் ஏழாவது வரி வரை படித்தார். இந்தத் தொழிலுக்கு அது போதும். "பாத்தியா மச்சான், உன் அட்டையிலதான் பெயிண்ட் நல்லா இருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

அவரிடம் சொன்னதை உங்களிடமும் சொல்கிறேன். இருட்டுவதற்குள் வீடு வந்துவிடட்டும். எதிரே விளக்கோடு வண்டி வந்தால் நிதானம். இது எல்லா டிரைவருக்கும் பொதுவாகச் சொல்வது.

எர்மெக்


தலாஸ் தபால் நிலையம்
17 அக்டோபர்
(அஞ்சலில்)

எர்மெக்,

சுகம் விசாரிக்கவில்லை, மன்னித்துக்கொள். நகரத்துக்கு வந்த இடத்தில், தபால் நிலையக் கவுண்டரில் நின்று எழுதுகிறேன். அவர் கையில் கொடுத்து அனுப்ப முடியாத கடிதம் இது. பதிலையும் அஞ்சலில் போடு.

உன் அத்தானுடைய கண் சரியாக இருக்கிறதா?

பகலில் ஒன்றும் தெரியவில்லை. சாயங்காலம் ஆனால், முற்றத்தில் கிடக்கும் கயிற்றைச் சுற்றிக்கொண்டு நடக்கிறார். போன வாரம் அவரோடு முன் சீட்டில் வந்தேன். கணவாயில் சுரங்கப் பாதையை விட்டு வெளியே வந்ததும் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டார். வண்டி தானாக ஓடியது. முகத்தைப் பார்த்தேன், ஏதோ சத்தம் கேட்க முயற்சி பண்ணுகிற முகம். பின்னால் பதினைந்து பேர். ஒரு பெண் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிறகு சாதாரணமாகப் பேசத் தொடங்கினார்.

அவரிடம் எப்படிக் கேட்பது? ஆடு வெட்டி, ஊரைக் கூப்பிட்டு, கண் கிடைத்தது என்று கொண்டாடியவள் நான். அவர் வண்டியில்தான் போக வேண்டும், அதில் அருள் இருக்கிறது என்று கிழவிகள் காத்திருந்து ஏறுகிறார்கள்.

நான் பயந்த சுபாவக்காரி. இது வெறும் என் பயம்தான் என்றால் அப்படியே எழுது, நிம்மதியாகத் தூங்குவேன்.

அக்கா


பிஷ்கெக்
21 நவம்பர்
(அஞ்சலில்)

அன்புள்ள அக்கா,

பதில் தாமதமாகிவிட்டது. கடையில் ஆள் குறைவு, எனக்கும் சளி.

வயதானால் இருட்டில் பார்வை கொஞ்சம் குறைவது எல்லோருக்கும் உள்ளதுதான். வசந்தத்தில் சாலை நன்றாகத் திறந்ததும் அத்தானை இங்கே அழைத்து வாருங்கள், தெரிந்த கண் டாக்டரிடம் காட்டிவிடலாம். அதுவரை மனசைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாம். மற்றதை நேரில் பேசுவோம்.

பெரியவரின் கண்ணாடிக்குப் புது பேட்டரி இத்துடன்.

எர்மெக்


கோக்-புலாக்
6 டிசம்பர்
(வேறொரு டிரைவர் கையில்)

தம்பி,

நாங்கள் இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம்.

28ஆம் தேதி, சூரியன் இறங்கியபின், நம் ஊர்த் திருப்பத்தில் அத்தான் வேன் அசனாலி பெரியவர் மேல் மோதிவிட்டது. எதிரே விளக்குப் போட்டுக்கொண்டு லாரி வந்திருக்கிறது. பெரியவர் சாலை ஓரமாகக் குதிரையில் வந்துகொண்டிருந்தார். குதிரை செத்துவிட்டது. அவருக்கு இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. இந்த வயதில் இனி நடக்க மாட்டார் என்று டாக்டர் சொல்கிறார். வண்டியில் இருந்தவர்களுக்குக் காயமில்லை. உன் கடிதம் மறுநாள் காலை வந்தது.

நான் எழுத வந்தது இது. ஊரில் எல்லோரும், கண் தெரியாத மனுஷனைக் குதிரையில் ஏன் விட்டார்கள் என்று கேட்கிறார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிறவர், எதிரே நிற்கிற ஆள் முகம்கூடத் தெரியாதவர், நேராகச் சாலைக்குள் வந்துவிட்டார் என்று பேச்சு. அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

முந்தாநாள் பெரியவரின் மகன் சாமத் ஓர் ஆட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நம் வாசலுக்கு வந்தான். தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்டான். "எங்கப்பாவால உங்க வண்டி போச்சு அண்ணே. வீட்டோட வெச்சிருக்கணும், எங்க தப்புதான்." அத்தான் அவனைக் கட்டிக்கொண்டு அழுதார். எல்லோரும் அதை இரக்கம் என்று நினைத்தார்கள். ஆட்டைத் திருப்பி அனுப்பினால் மன்னிக்கவில்லை என்று ஆகும். நான் சமைத்தேன். சாப்பிட்டோம்.

விசாரணை அதிகாரி உன்னிடம் வருவாராம், இரண்டு பேருக்கும் கண்ணாடி கொடுத்தவன் நீ என்று. என்ன சொல்வாயோ தெரியாது.

அக்கா


பிஷ்கெக்
19 ஜனவரி 2005
(அத்தான் கையிலேயே)

மரியாதைக்குரிய அத்தான் ஜோல்தோஷுக்கு,

வேன் சரியாகி நீங்கள் மறுபடி கணவாய் ஏறுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் இதை எழுதி உங்கள் கையில் தருகிறேன். வழியில் பிரிக்க வேண்டாம். ஒரு உபகாரம், பகல் வெளிச்சத்தில் மட்டும் ஓட்டிப் போய், அசனாலி பெரியவர் வீட்டில், அவர் படுக்கைக்கு எதிரே உட்கார்ந்து உரக்கப் படியுங்கள்.

உங்கள் இரண்டு கண்ணிலும் புரை இருக்கிறது. கண்ணுக்குள் இருக்கும் வில்லை பழுத்து இறுகும்போது, கிட்டத்துப் பார்வை திடீரென்று நன்றாகிவிடும். கண்ணாடி இல்லாமல் படிக்கலாம். அதே நேரத்தில் தூரம் கெட்டுப்போகும். தூரத்துக்கு மைனஸ் கண்ணாடி போட்டால், பகலில், வெள்ளை அட்டையில் கறுப்பு எழுத்தைப் படித்துவிடலாம். இருட்டில் எதிர் வண்டி விளக்குக்கு எந்தக் கண்ணாடியும் உதவாது. வெளிச்சம் அந்தப் புரையில் பட்டு, அழுக்குக் கண்ணாடியில் பட்டதுபோல் சிதறும். அந்த நேரத்தில் சாலை ஓரத்தில் நிற்பது எதுவும் தெரியாது.

கடையில் முதல் வருடம் வேலை பார்க்கும் பையனுக்குக்கூட இது தெரியும். மே மாதம் அக்கா எழுதியதைப் படித்தபோதே எனக்குத் தெரியும். நான் பாட்டில் வியாபாரம் என்று கேலி எழுதினேன். செப்டம்பரில் உங்கள் கண்மணி பழுப்பாக இருந்ததைப் பார்த்தேன். விளக்கை அணைத்துச் சோதித்திருக்க வேண்டும். நீங்கள் எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தீர்கள். ஊற்று பொய் என்று சொல்கிற ஆளாக நான் இருக்க விரும்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு அத்தனை கேள்வி கேட்டவன் உங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை.

விசாரணை அதிகாரி இரண்டே கேள்வி கேட்டார். டிரைவருக்குக் கண்ணாடியோடு பார்வை உண்டா? ஏழாவது வரி படித்தார் என்றேன். பெரியவருக்கு? பூதக்கண்ணாடி கொடுத்தேன் என்றேன். இரண்டும் உண்மை. அவர் பேனாவை மூடிவிட்டார், நான் வாயை மூடிக்கொண்டேன்.

அசனாலி பெரியவருக்கு நடுப் பார்வைதான் இல்லை. ஓரப் பார்வை முழுசாக இருக்கிறது. அவர் சாலையையும் வேனையும் பார்த்திருப்பார். அவர் குதிரைக்கும் இரண்டு நல்ல கண் இருந்தன. தப்பு அவர் மேல் இல்லை.

அத்தானுக்குத் தன் கண்ணில் என்ன கோளாறு என்று தெரியாது, அவரிடம் யாரும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை அதிகாரியிடம் போய் இதையெல்லாம் எழுதிக் கொடுக்கிறேன். உங்களுக்கு லைசென்ஸ் போகும், எனக்கு இந்த வேலை போகும். புரையை அறுவை செய்து எடுக்கலாம். டாக்டரிடம் மார்ச்சுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன்.

பெரியவரே, சாமத், மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை.

எர்மெக்


கோக்-புலாக்
3 பிப்ரவரி
(அஞ்சலில்)

அன்புத் தம்பி எர்மெக்,

சுகமாக இருக்கிறாயா? வேலை என்னாயிற்று? எழுது. இங்கே பனி இடுப்பளவு. வேன் முற்றத்தில் நிற்கிறது, அதன் மேலேயும் பனி.

அத்தான் நீ சொன்னபடி செய்தார். வழியில் பிரிக்கவில்லை, ஏதோ சமாதானக் கடிதம் என்று நினைத்திருக்கிறார். பெரியவரின் படுக்கைக்கு எதிரே உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, வழக்கமான பெரிய குரலில் தொடங்கினார். சாமத்தும் அவன் மனைவியும் இருந்தார்கள், இன்னும் அக்கம்பக்கம் நாலைந்து பேர். புரை என்கிற இடத்தில் குரல் இறங்கிவிட்டது. ஒரு வாய் தேநீர் குடித்தார். நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை.

கடைசிக்குச் சற்று முன்னால் இப்படிப் படித்தார்: "அத்தானுக்குத் தெரியும். சுரங்கத்தை விட்டு வெளியே வந்தால் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாது என்பதும், லாரி விளக்கில் சாலை மறைந்துவிடும் என்பதும் இலையுதிர் காலத்திலிருந்தே அத்தானுக்குத் தெரியும். அவர் யாரிடமும் சொல்லவில்லை."

முடித்ததும் கடிதத்தை மடிக்காமல் என் மடியில் வைத்தார். நான் அந்த இடத்தைத் தேடினேன். நீ எழுதியது அது இல்லை.

அசனாலி பெரியவர் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மூஞ்சி தெரியாதுன்னுதான் நான் சொன்னேன். வேன் தெரியாதுன்னு எப்ப சொன்னேன்? ஆஸ்பத்திரியில அன்னிக்கே சொன்னேன், ஓரமாத்தான் வந்தேன்னு. பெத்த மகனே நம்பல." சாமத் எழுந்து வெளியே போய்விட்டான். அத்தான் போய்ப் பெரியவரின் படுக்கை ஓரத்தில் தலையை வைத்தார். பெரியவர் கையால் துழாவி அவர் தலையைத் தொட்டார். தள்ளினாரா, தடவினாரா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கை எப்போதும் நடுங்கும்.

சாமத்தின் மனைவி அத்தானுக்கு மறுபடி தேநீர் ஊற்றினாள். அரைக் கோப்பைதான், மரியாதைக்கு ஊற்றுகிற அளவு.

தம்பி, உன் கடிதத்தில் நான் இல்லை. அவர் மாற்றிப் படித்ததிலும் நான் இல்லை. இரண்டு பேரும் என்னை வெளியே நிறுத்திவிட்டீர்கள். அந்த அறையில் எல்லோரும் என்னைப் பாவம் என்று பார்த்தார்கள். நல்ல பெண், ஒன்றும் அறியாதவள். அது எனக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டும். கொஞ்ச நேரம் அதில் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு சொன்னேன். "எனக்கு அக்டோபர்லயே தெரியும். முன் சீட்டுல உக்காந்து பாத்தேன். தம்பிக்கு எழுதினேன், இவர்கிட்ட கேக்கல, உங்ககிட்ட சொல்லல. இருட்டுல ரோட்டோரமா வராதீங்க பெரியவரேன்னு வேலிக்கு மேல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தினமும் பாத்துட்டுதான் இருந்தேன். நீங்க கொண்டு வந்த ஆட்டையும் நான்தான் சமைச்சேன்."

சாமத்தின் மனைவி என்னைப் பார்க்கவில்லை. என் கோப்பையை எடுத்தாள், கெண்டியைச் சாய்த்தாள், விளிம்பு வரை நிரப்பி என் முன்னால் வைத்தாள். நிரப்பிக் கொடுத்தால் எழுந்து போ என்று பொருள், உனக்குத் தெரியாததா. கொதிக்கக் கொதிக்க இருந்தது. முழுவதையும் குடித்துவிட்டு எழுந்தேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா ஜெய்னெப்